தழை வாங்கும் வீட்டுக்கு வந்த ரத்தப் புற்றுநோய்

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கரிசலும் செவலும் மாறி மாறி வரும் மானாவாரி நிலங்களில், மழை ஏமாற்றிய ஆண்டிலும் கைவிடாத பயிர்கள் என்று நிலாவாரையையும் நித்தியகல்யாணியையும் சொல்வார்கள். இரண்டையும் ஆடுமாடு கடிப்பதில்லை என்பதால் காவலுக்கு ஆள் வேண்டாம். இவற்றின் தழையையும், நித்தியகல்யாணியின் வேரையும் விவசாயிகளிடம் வாங்கி, கிட்டங்கியில் உலர்த்தித் தூற்றித் தரம் பிரித்து, தூத்துக்குடி ஏற்றுமதிக்காரர்களுக்கு அனுப்புவது எங்கள் குடும்பத் தொழில். நிலாவாரை மலச்சிக்கல் மருந்துக்குப் போகிறது, நித்தியகல்யாணி வேர் ரத்த அழுத்த மருந்துக்கும் தழை புற்றுநோய் மருந்துக்கும் போகின்றன என்பதெல்லாம் என் தகப்பனார் காலத்திலிருந்தே எங்களுக்குத் தெரியும். தெரியும் என்றால், சரக்கு எங்கே போகிறது என்று ஒரு வியாபாரி தெரிந்து வைத்திருக்கும் அளவுக்குத்தான். அந்தத் தழையிலிருந்து எடுத்த மருந்து என் தங்கை மகளின் கையில் ஏறிய பிறகே மற்றவற்றைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. மூலிகை வியாபாரி வீட்டில் ரத்தப் புற்றுநோய் வந்து குணமானது என்று கேள்விப்பட்டு, எந்தத் தழையைக் காய்ச்சிக் கொடுத்தீர்கள் என்று இன்றைக்கும் யாராவது தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருப்பதால், விவரமாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. விட்டு விட்டு வந்த காய்ச்சல், முகத்தில் வெளிறல், கால்களில் அடிபடாமலே தோன்றிய நீலத் திட்டுகள், இரவில் எலும்பு வலி என்று தொடங்கியது. வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிப்பது வழக்கம்தான் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் நீலத் திட்டைப் பார்த்த உள்ளூர் மருத்துவர் அன்றே ரத்த அணுக்களை எண்ணச் சொன்னார். வெள்ளணு மிகுந்தும் தட்டணு மிகக் குறைந்தும் இருந்ததோடு, கண்ணாடித் தகட்டில் முதிராத அணுக்கள் தெரிந்தன. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனையில் காட்டிவிட்டு, எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பல செய்வதைப் போல நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் போனோம். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்து, அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற, வேகமாகப் பெருகும் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான் என்றும், வளர்ந்த நாடுகளில் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைத்துவிடுகிறார்கள் என்றும், சிகிச்சையை நடுவில் விடாமல் முடிப்பதே பெற்றோரின் வேலை என்றும் மருத்துவர் சொன்னார்.

சிகிச்சைத் திட்டத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதல் மாதத்தில் மஜ்ஜையிலிருந்து நோய் அணுக்களை அகற்றுவது, அடுத்த சில மாதங்களில் மூளைத் தண்டுவட நீரிலும் பிற இடங்களிலும் ஒளிந்திருப்பவற்றை ஒழிப்பது, பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மாத்திரையும் இடையிடையே ஊசியுமாகப் பராமரிப்பது. அந்தத் தாளில் முதல் வரியில் இருந்த வின்கிறிஸ்டின் என்ற பெயரை நித்தியகல்யாணித் தழையின் மருந்தாக எங்கள் ஏற்றுமதிக்காரர் ஒருவர் பேச்சில் நான் முன்பே கேட்டிருந்தேன். தங்கையிடம் சொன்னபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் செவிலியரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, "அண்ணே, நம்ம கிட்டங்கியில கெடக்குத தழையத்தான் இங்க ஊசியா போடுதாவளாம்" என்றாள். ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் ஆச்சிக்கு அடுத்த கேள்வி உடனே வந்தது: "நம்ம வீட்டுச் சரக்குன்னா நாமளே காய்ச்சிக் குடுத்துரலாம்லா?"

ஆச்சியின் கேள்வியில் பிழையில்லை. எங்கள் பக்கம் சர்க்கரை நோய்க்கு நித்தியகல்யாணிப் பூவைக் கஷாயம் வைத்துக் குடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தச் செடி மருந்தான கதையே அப்படித்தான் தொடங்குகிறது. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடி வெப்ப நாடுகளெங்கும் பரவி, ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குத் தேநீராகக் காய்ச்சிக் குடிக்கப்பட்டது. 1952இல் அங்கிருந்து கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு வந்த இலைகளை அவர் தம் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். கனடாவின் மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாகச் செலுத்தியபோது எலிகள் தொற்று கண்டு இறந்தன. ஏன் என்று தேடியபோது வெள்ளணுக்கள் சரிந்து, மஜ்ஜை வற்றியிருந்தது தெரிந்தது. வெள்ளணுவைக் குறைக்கும் பொருள் வெள்ளணு பெருகும் நோய்க்கு உதவக்கூடும் என்ற திசையில் அவர்கள் திரும்பினார்கள். அங்கே சார்லஸ் பீர் 1958இல் இச்செடியின் மற்றொரு புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். தனியே ஆராய்ந்துகொண்டிருந்த எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வோபோடாவின் குழு வின்கிறிஸ்டினைக் கண்டது. 1963இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

காய்ச்சிக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு மருத்துவர் பொறுமையாகச் சொன்ன பதிலை, வியாபாரி என்ற முறையில் நான் கணக்காகவும் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோவும், ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்கு ஏறக்குறைய 2,000 கிலோவும் உலர்ந்த தழை தேவை என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் ஒரு மில்லிகிராமுக்கு இரண்டு கிலோ. குழந்தைகளுக்கு உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று கணக்கிட்டு, எவ்வளவு பெரிய உடலானாலும் ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் கொடுக்கிறார்கள். எங்கள் பிள்ளைக்கு ஒரு வேளை மருந்துக்கு மூன்று கிலோ தழையாவது வேண்டியிருக்கும். மூன்று கிலோ தழை எங்களுக்குப் பெரிய காரியமல்ல; கிட்டங்கியில் தூற்றும்போது தூசியாகப் போவதே அதைவிட அதிகம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தத் தழையில் ஆல்கலாய்டுகள் என்ற வீரியமுள்ள தாவரப் பொருள்கள் 130க்கும் மேல் இருக்கின்றன. வின்கிறிஸ்டின் அவற்றில் மிக மிகச் சிறிய பங்கு. மூன்று கிலோவைக் காய்ச்சினால் வேண்டியதைவிடப் பல மடங்கு வேண்டாதது ரத்தத்தில் ஏறும். வேண்டியதோ குடல் வழியாக நம்பத்தக்க அளவில் உடலில் சேராது; அதனால்தான் இன்றுவரை அது ஊசியாகவே கொடுக்கப்படுகிறது. நிலத்துக்கு நிலம், பறிப்புக்குப் பறிப்பு தழையின் தரம் மாறுவதை நாங்களே பார்க்கிறோம். விதைத்த ஆறாம் மாதத்தில் பறித்த தழையும் ஒன்பதாம் மாதத்தில் பறித்ததும் ஒன்றல்ல. அரை மில்லிகிராம் கூடினால் நரம்பு கெடும், குறைந்தால் நோய் தங்கிவிடும் என்ற மருந்தை, அளவு தெரியாத சாற்றில் யாரும் தேட முடியாது.

சங்கரன்கோவில் நெசவூர் என்பதால் மருத்துவர் தங்கைக்குத் தறியை வைத்தே இதை விளக்கினார். ஓர் அணு இரண்டாகப் பிரியும்போது, அதன் மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்க உள்ளே பாவு நூல்போல இழைகள் உருவாகின்றன. வின்கிறிஸ்டின் அந்த நூல் சேரவிடாமல் செய்கிறது, பாதியில் நின்ற அணு இறந்துவிடுகிறது. வேகமாகப் பிரியும் நோய் அணுக்களுக்கு அடி அதிகம். ஆனால் அதே புரதத்தாலான இழைகள் நீண்ட நரம்புகளுக்குள்ளும் சரக்குப் பாதையாக இருக்கின்றன. அதனால் மிக நீளமான நரம்புகள் முதலில் அடி வாங்குகின்றன. கால் விரல் மரத்துப் போவதும், பாதம் தொங்குவதும், தாடை வலிப்பதும், குடல் அசையாமல் மலம் கட்டுவதும் இதனால்தான்.

முதல் மாதத்திலேயே பிள்ளைக்குத் தாடை வலித்தது, சாப்பிட மறுத்தாள். அது பல் வலி அல்ல, மருந்தால் வருவது என்று முன்பே சொல்லியிருந்ததால் பயமில்லாமல் கடந்தோம். மலச்சிக்கல்தான் பெரிய தொல்லை. வயிறு உப்பி, பிள்ளை துடித்தாள். அதற்கு மருத்துவர் எழுதியது, லாக்டுலோஸ் பாகோடு, சென்னோசைடு மாத்திரை. அதாவது நிலாவாரைத் தழையின் சாரம். உலகச் சந்தையில் டின்னவெல்லி சென்னா என்று, எங்கள் பழைய மாவட்டமான திருநெல்வேலியின் ஆங்கிலப் பெயரோடு போகும் அதே சரக்கு. ஒரே காட்டில் பக்கத்துப் பக்கத்து வரப்பில் விளைந்த இரண்டு தழைகளில் ஒன்று தந்த கஷ்டத்தை மற்றொன்று தீர்ப்பதைப் பார்க்க எனக்கு வியப்பாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கேயும் நான் கிட்டங்கித் தழையைக் கொண்டுபோகவில்லை. மாத்திரையில் சென்னோசைடு இத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது, சாக்கில் எழுதியிருக்காது. வெள்ளணு குறைந்த குழந்தைக்கு மலம் கட்டுவதும் ஆபத்து, வயிற்றோட்டம் கண்டு உடல் நீர் இழப்பதும் ஆபத்து. ஆசனவாய் வழியாக மருந்து வைப்பதையோ எனிமா கொடுப்பதையோ அப்போது கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஊசி போடும் வாரத்தில் இரண்டு நாள் மலம் போகவில்லை என்றால் மூன்றாம் நாளுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் பேசுவது என்று வைத்துக்கொண்டோம்.

ஊசி போடும் நாளில் கவனிக்க வேண்டியவை வேறு. இந்த மருந்து ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் தசை வெந்து புண்ணாகும். கை எரிகிறது என்று பிள்ளை சொன்னால் அந்த நொடியே செவிலியரை அழைக்க வேண்டும், தேய்த்துவிடக் கூடாது. இன்னொன்று, இந்த நோய்க்கு முதுகுத் தண்டு வழியாகவும் மெத்தோட்ரெக்சேட் என்ற வேறு மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள். வின்கிறிஸ்டினைத் தவறி அந்த வழியில் செலுத்தினால் உயிர் பிழைப்பது அரிது. உலகில் அப்படி நடந்திருப்பதால், ஊசிக்குழலில் எடுக்காமல் சிறிய உப்புநீர்ப் பையில் கலந்து ரத்தக் குழாயில் மட்டுமே ஏற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. எங்கள் மருத்துவமனையில் இரண்டையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு அறையில் வைத்திருந்தார்கள். பெற்றோர் எதையும் திருத்தப் போக வேண்டியதில்லை. இன்று எந்த மருந்து, எந்த வழியில் என்று கேட்டுத் தங்கள் நோட்டில் எழுதிக்கொண்டால் போதும். என் தங்கை அப்படி எழுதியதை ஒரு செவிலியரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

திட்டத் தாளில் இருந்த மற்ற மருந்துகளில் தழை எதுவுமில்லை. டானோரூபிசின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து வந்தது. அஸ்பாரஜினேஸ் பாக்டீரியாவின் நொதி. மெர்காப்டோபியூரினும் மெத்தோட்ரெக்சேட்டும் வேதிக்கூடத்தில் பிறந்தவை. மெத்தோட்ரெக்சேட்டுக்கு மூத்ததான அமினோப்டெரினைத் தயாரித்துக் கொடுத்த ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லாப்பிரகடா சுப்பாராவ். அதைக் கொண்டு குழந்தைகளின் லுக்கேமியா தணிவதைச் சிட்னி ஃபார்பர் 1948இல் வெளியிட்டார். ஸ்டீராய்டு மாத்திரைகள் மலிவானதற்கு மெக்சிகோவின் காட்டுக் கிழங்கு ஒன்று காரணம் என்பது வேறு கதை. தழை மருந்து மட்டும் கொடுத்த தொடக்க காலத்தில் நோய் தணிந்து, சில மாதங்களில் திரும்பி வந்தது. வெவ்வேறு வழியில் தாக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பிறகே குணம் என்ற சொல்லை மருத்துவர்கள் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இயற்கை மருந்தா, இங்கிலீஷ் மருந்தா என்று எங்கள் உறவில் நடந்த வாக்குவாதங்களுக்கு இந்த ஒரு தாளே போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

வாக்குவாதங்கள் நிறைய நடந்தன. தட்டணு ஏறப் பப்பாளி இலைச் சாறு, ரத்தம் சுத்தமாகக் கோதுமைப்புல் சாறு, புற்றை அழிக்க முள்சீத்தா இலைக் கஷாயம், எல்லாவற்றுக்கும் மஞ்சள் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்தார்கள். அன்போடு கொண்டுவருபவர்களை முகத்தில் அடித்தாற்போல் மறுக்க முடியாது. வாங்கி வைத்துக்கொண்டு, மறுமுறை போகும்போது பாட்டிலோடு மருத்துவர் முன் வைத்துவிடுவது என்று தங்கையும் மச்சானும் முடிவு செய்தார்கள். எல்லா வீட்டுக்கும் நான் இதையே பரிந்துரைக்கிறேன். மருத்துவர் சொன்ன காரணங்கள் இவை: தட்டணு குறைந்தது நோய் அணுக்கள் மஜ்ஜையை அடைத்துக்கொண்டதால், அடைப்பு நீங்கினால் தானே ஏறும். பச்சையாகப் பிழிந்த எந்தச் சாற்றிலும் மண்ணின் கிருமியும் பூஞ்சையும் இருக்கும். வெள்ளணு இல்லாத உடலுக்கு அதுவே எமனாகும். முள்சீத்தாவைத் தொடர்ந்து உட்கொள்ளும் குவாடலூப் தீவு மக்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் மிகுதியாக இருந்ததை மருத்துவர்கள் 1999இல் எழுதியிருக்கிறார்கள். வின்கிறிஸ்டினால் ஏற்கெனவே நரம்பு நொந்திருக்கும் பிள்ளைக்கு அது எதற்கு? மஞ்சளின் குர்க்குமின் ஆய்வுக்கூடத் தட்டில் லுக்கேமியா அணுக்களைக் கொல்வது உண்மை. ஆனால் கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் சேர்வது சொற்பம், தட்டில் வேலை செய்த அளவை அது எட்டுவதில்லை. குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. குப்பியில் அடைத்த மஞ்சள் சாரத்துக்குத்தான் தடை.

மலையடிவார ஊர் ஒன்றில் புகழ்பெற்ற வைத்தியர் ஒருவர், ஊசியை நிறுத்திவிட்டு வந்தால் ஒரு மண்டலத்தில் லேகியத்தால் தீர்த்துவிடுவதாகச் சொன்னார் என்று மச்சானின் உறவினர் பிடிவாதம் பிடித்தார். லேகியத்தில் என்ன சேர்கிறது என்று கேட்டதற்குப் பரம்பரை ரகசியம் என்று பதில் வந்தது. நான் சரக்கு விற்பவன். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத மூட்டையை நான் எடைபோட்டு வாங்க மாட்டேன் என்றேன். அதேசமயம் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து வந்த, எங்களிடம் நெடுநாளாகச் சரக்கு வாங்கும் சித்த மருத்துவர் ஒருவரிடமும் கேட்டோம். அவர் திட்டத் தாளை முழுவதும் படித்துவிட்டு, பாதரசமும் பாடாணமும் சேர்ந்த பற்பம், செந்தூரம் எதையும் இந்தக் கல்லீரலும் சிறுநீரகமும் இப்போது தாங்காது, சிகிச்சை முடியும்வரை உள்மருந்து எதுவும் வேண்டாம், பிள்ளைக்குப் பிடித்ததைச் சூடாகச் சமைத்துக் கொடுங்கள் என்றார். சித்த மருத்துவத்தில் எனக்கு மதிப்பு கூடியது அந்தப் பேச்சால்தான்.

தழையைவிடப் பெரிய ஆபத்து ஆங்கில மருந்துக் கடையிலிருந்தே வரக்கூடும் என்பதையும் பார்த்தோம். பராமரிப்புக் காலத்தில் பிள்ளைக்குத் தொடையில் படர்தாமரை வந்தபோது, ஊரில் ஒருவர் இட்ராகோனசோல் எழுதிக் கொடுத்தார். எங்கள் பக்கம் அது மிகச் சாதாரணமாக எழுதப்படும் மருந்து. ஆனால் அது வின்கிறிஸ்டினைக் கல்லீரல் சிதைக்கவிடாமல் தடுத்து, நரம்பு நச்சைப் பல மடங்காக்கிவிடும். வொரிகோனசோலும் அப்படியே. எந்த மாத்திரையானாலும் திருவனந்தபுரத்துக்குப் பேசிவிட்டே கொடுப்பது என்ற பழக்கம் இருந்ததால் அது பிள்ளையின் வாய்க்குப் போகவில்லை, களிம்போடு சரியாயிற்று. ரத்தம் ஊறட்டும் என்று வாங்கித் தரப்பட்ட டானிக்கிலும் ஃபோலிக் அமிலம் இருந்தது. மெத்தோட்ரெக்சேட் வேலை செய்வதே ஃபோலிக் அமிலத்தின் வழியை அடைத்துத்தான். மருத்துவர் சொல்லாமல் அதை மாத்திரையாகவோ டானிக்காகவோ சேர்ப்பது ஒரு கையால் கட்டியதை மறுகையால் அவிழ்ப்பது. முருங்கைக்கீரைப் பொரியலைப் பற்றிக் கேட்டோம். உணவாகச் சாப்பிடலாம் என்றார்கள்.

காய்ச்சலைப் பற்றி மட்டும் பேச்சுக்கே இடமில்லை. 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து ஹைகிரவுண்டுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் என்பதால், நோயின் பெயர், கடைசியாகப் போட்ட மருந்து, உடனே தொடங்க வேண்டிய நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவற்றைத் திருவனந்தபுரத்து மருத்துவரிடமே ஒரு கடிதமாக எழுதி வாங்கி, வண்டிச் சாவியோடு சேர்த்து மாட்டியிருந்தோம். போன இடத்தில் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தை அந்தக் கடிதம் மிச்சப்படுத்தியது.

பிள்ளை பள்ளிக்குத் திரும்பிய பிறகு, என்னிடம் வந்துபோகும் சரக்குகளில் வேறு எவை ரத்தப் புற்றுநோய் வகைகளுக்கு ஆராயப்படுகின்றன என்று பொழுது கிடைத்தபோது படித்தேன். தலைச்சாயத்துக்காக நாங்கள் வாங்கும் அவுரியின் நீலச் சாயத்தோடு இண்டிரூபின் என்ற சிவப்புப் பொருளும் கலந்திருக்கிறது. சீனாவில் நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியாவுக்குக் கொடுத்துவந்த பல சரக்குக் கூட்டு மருந்து ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது, வேலை செய்தது அதிலிருந்த அவுரி நீலமும் அதனுள் இருந்த இண்டிரூபினும்தான் என்று கண்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் டைசாக்சிலம் மரமொன்றின் ரோஹிடுகின் என்ற பொருளை மாதிரியாக வைத்து ஃபிளாவோபிரிடால் என்ற மருந்து உருவானது. நாட்பட்ட நிணநீர் லுக்கேமியாவில் அது நோய் அணுக்களை ஒரே நேரத்தில் அளவுக்கு மீறி உடைத்து, அந்தக் கழிவே சிறுநீரகத்துக்கு ஆபத்தாகும் அளவுக்கு வலுவாக இருந்தது. சோதனைகள் பல நடந்தும் பொதுவான மருந்தாக வெளிவரவில்லை. இமயமலையிலும் அமெரிக்காவிலும் வளரும் போடோஃபில்லம் செடியின் வேர்த்தண்டிலிருந்து வந்த பொருளை மாற்றியமைத்த எடோபோசைடு 1983இல் அனுமதி பெற்றது. புற்றுநோய்க்கு உதவும் அதே மருந்து அரிதாகச் சிலருக்குப் பின்னாளில் வேறொரு லுக்கேமியாவை உண்டாக்குவதும் உண்டு. செஃபலோடாக்சஸ் மரத்திலிருந்து வந்த ஓமாசெடாக்சின் 2012இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அதுவும் நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியாவில், மற்ற மாத்திரைகளில் குறைந்தது இரண்டு பலிக்காமல் போனவர்களுக்கு மட்டும்.

எங்கள் தொழிலுக்கே கேள்வி எழுப்பும் செய்தி ஒன்றும் உண்டு. 2019இல் அமெரிக்காவில் வின்கிறிஸ்டினுக்குத் தட்டுப்பாடு வந்து குழந்தைகளின் சிகிச்சை தடுமாறியது. தழை கிடைக்காததால் அல்ல, தயாரித்த நிறுவனங்கள் இரண்டில் ஒன்று விலகியதால். 2022இல், வின்பிளாஸ்டினின் இரு பாதிகளான விண்டோலினையும் கேத்தரந்தினையும் மரபு மாற்றிய ஈஸ்டில் உண்டாக்கிவிட்டதாக ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். அது தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்தால் எங்கள் காட்டுத் தழையின் விலை என்னவாகும் என்று விவசாயிகள் கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு மருந்து முறியாமல் கிடைக்குமென்றால் நான் நிலாவாரையோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் அதை வியாபாரப் பேச்சு என்று சிரிக்கிறார்கள்.

இப்போது தொலைபேசியில் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த வகை ரத்தப் புற்றுநோய் என்பதைத்தான். பலருக்குத் தெரிவதில்லை, தாளைப் பார்த்துச் சொல்லுங்கள் என்பேன். நாட்பட்ட மைலாய்டு வகை என்றால் அவர்கள் விழுங்கும் இமாட்டினிப் முழுக்க வேதிக்கூடத்து மருந்து. 2001இல் அது வந்த பிறகே அந்த நோயோடு நெடுங்காலம் வாழ முடிகிறது. உடம்பு தேறிவிட்டது என்று தாங்களாக நிறுத்தக் கூடாது, பம்பளிமாஸின் உறவான கிரேப்ஃப்ரூட் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரை இறக்கிவிடும் என்று சொல்வேன். குழந்தையின் லிம்ஃபோபிளாஸ்டிக் வகை என்றால் காப்பீட்டு அட்டை, தங்குமிடம், பள்ளிக்கூட விடுப்பு என்று பேச்சு வேறு பக்கம் போகும். பராமரிப்புக் காலத்தில் பிள்ளை ஓடியாடுவதைப் பார்த்து மருந்தை விட்டுவிடுபவர்களே அதிகம் என்பதால் அதை இரண்டு முறை சொல்வேன்.

அண்மையில் கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து பேசியவருடைய தகப்பனாருக்கு மல்டிபிள் மைலோமா என்ற, எலும்பு மஜ்ஜையில் வரும் வேறொரு ரத்தப் புற்றுநோய். போர்டெசோமிப் ஊசி நடக்கிறது, வேறு தழை எதுவும் கொடுக்கவில்லை, சர்க்கரைக்கு நல்லது என்று பச்சைத் தேயிலைச் சாரம் அடைத்த மாத்திரை மட்டும் கொடுக்கிறோம் என்றார். பச்சைத் தேயிலையின் இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் போர்டெசோமிப்பைப் பிடித்துக் கட்டி அதன் வேலையைத் தடுப்பதை 2009இல் எலிகளிலும் ஆய்வுக்கூட அணுக்களிலும் காட்டியிருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்ல, அந்த மாத்திரைப் புட்டியை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் ஊசி போடும் மருத்துவரிடம் காட்டுங்கள் என்றேன். அடுத்த வாரம் பேசினார். மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டாராம், காலையில் குடிக்கும் பால் தேநீரைப் பற்றி அவரிடமே கேட்டு, அதற்குத் தடையில்லை என்று எழுதியும் வாங்கி வந்திருந்தார்.